கொங்கு நாட்டுல சிற்பம் பார்க்க ஒரு நாள்: அஞ்சு பேரு, ஒரு காரு

கேள்வி – ஜனவரி 3, இரவு 8.15

காலேஜ்ல ஒண்ணாப் படிச்சவங்க அஞ்சு பேருங்க நாங்க. தஞ்சாவூர் போயாச்சு, ஹம்பி போயாச்சு, மாமல்லபுரம் ரெண்டு தடவை. இந்தத் தடவை நம்ம பக்கமே ஒரு நாள் சுத்தலாம்னு சொன்னா, சேக்காளி ஒருத்தன் சிரிக்கறான். "கொங்குல என்னடா இருக்குது? மில்லு, லாரி, முட்டை. சிற்பம் பார்க்கோணும்னா காவேரியோட கீழ போகோணும்"ங்கறான். ஈரோட்டுல இருந்து கிளம்பறோம். ஒரே நாள்தான். ஏதாச்சும் தேறுமுங்களா, இல்ல அவன் சொல்றது நெசந்தானா?

ஜனவரி 3, இரவு 9.40

உங்க சேக்காளி சொன்ன தொழில்காரங்களோடதான் நான் போய்ட்டு வந்தேனுங்க. எங்க செட்டும் அஞ்சு பேரு. ஒருத்தன் திருச்செங்கோட்டுல போர்வெல் போடற ரிக் வண்டி வெச்சிருக்கறான். ஒருத்தன் நாமக்கல்லுல லாரிக்கு பாடி கட்டறான். ஒருத்தனுக்குக் கோழிப்பண்ணை, ஒருத்தன் வாத்தியார். நான் பள்ளிபாளையத்துல தறி ஓட்டறேன். பேரெல்லாம் எதுக்கு? ரிக், பாடி, கோழி, வாத்தின்னு வெச்சுக்கலாம்.

பிளான் சொல்றேன், எழுதிக்கங்க. காலைல திருச்செங்கோடு மலை. அங்கிருந்து நாமக்கல், மலைக்கு ரெண்டு பக்கமும் பல்லவர் குடைஞ்ச குகைக்கோயில். மதியம் சங்ககிரி வழியா தாரமங்கலம் கைலாசநாதர். அங்க ராமன் ஒரு தூண்லயும் வாலி ஒரு தூண்லயும் இருக்கறாங்க. வாலிகிட்ட நின்னு பார்த்தா ராமன் தெரிவான், ராமன்கிட்ட நின்னா வாலி தெரியமாட்டான். பொழுதோட சேலம் போய் தட்டுவடை செட்டு தின்னுட்டு ஊட்டுக்கு வந்துரலாம். கார்ல டீசல் இருந்தாப் போதும்.

ஜனவரி 3, இரவு 10.05

கோயமுத்தூர்ப் பக்கம் பேரூர்க் கோயிலை விட்டுட்டேன். கோயமுத்தூர்க்காரங்க அடிக்க வர்றதுக்குள்ள சொல்லிடறேன். நீங்க ஈரோடு, அது எதிர்த்திசை, அதனால விட்டேன். மத்தபடி அங்க இருக்கற கனகசபைங்கற சிற்ப மண்டபத்துக்குப் பக்கத்துல வைக்க நம்ம சீமைல இன்னொரு மண்டபம் தாரமங்கலத்துலதான் இருக்குது.

ஜனவரி 4, காலை 6.30

ராத்திரி எழுதினதைக் காலைல படிச்சா எனக்கே வெக்கமா இருக்குது. ஒரு நாள்ல மூணு ஊருன்னு கூசாம எழுதியிருக்கறேன். அந்த பிளானை நாங்க ஓட்டிப் பார்த்தவங்கதான், அது எப்படி ஓடுச்சுன்னு கேளுங்க.

ஆறு மணிக்குக் கிளம்பறதுன்னு பேச்சு. ஏழே முக்காலுக்குத்தான் கோழி வந்தான். பண்ணைல தண்ணி லைன் அடைச்சுக்கிச்சாமா. திருச்செங்கோட்டுல படியேறறதா, கார்லயே மேல போறதான்னு மலையடிவாரத்துல நின்னு இருபது நிமிசம் சண்டை. ஆயிரத்து இருநூறு படின்னதும் நாலு ஓட்டு காருக்கு விழுந்துச்சு. விளைவு என்னாச்சுன்னா, பாறைலயே அறுபது அடிக்குச் செதுக்கின அந்தப் பெரிய நாகம் படி வழியிலதான் இருக்குது, அதைப் பார்க்காமயே மேல போய் அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிட்டுட்டுக் கீழ வந்துட்டோம். அந்த ஊர்ல பொறந்து வளர்ந்த ரிக் கார்ல வரும்போதுதான் சொல்றான், "அய்யோ, பாம்பைக் காட்டலியேடா"ன்னு.

நாமக்கல் போனப்ப பத்தே முக்கால். முழுசா ஒரு மணி நேரம்கூட இல்லை. தாரமங்கலம் போய் எறங்கினா மணி ஒண்ணு ஆக அஞ்சு நிமிசம். நடை சாத்தி பூட்டுத் தொங்குது. நாலு மணிக்குத்தான் தொறப்பாங்களாம். சோத்துக்கு ஒரு மெஸ்ல ஒக்காந்தோம், பேர் சொல்லலை. ரசம் ஊத்தறப்பவே வாத்தி "இது நேத்தைய வகுப்பு"ன்னான்.

அதனால மேல எழுதின பிளானை அடிச்சுடுங்க. ரெண்டு ஊரு. காலைல ஒண்ணு, நாலு மணிக்கு மேல ஒண்ணு.

ஜனவரி 4, காலை 11.20

ஒருத்தர் வந்து நல்லா வாங்கிட்டார்: "நாமக்கல் பல்லவர்னு எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?" எந்தப் புத்தகத்துலயும் இல்லைங்க. குகைன்னாலே பல்லவர்னு வாயில வந்துருது. அது அதியர் வேலை. அரங்கநாதர் குகைல இருக்கற கல்வெட்டு 'அதியேந்திர விஷ்ணு கிருகம்'னே பேர் சொல்லுது. செய்வித்தவன் அதியர் குலத்து குணசீலன், எட்டாம் நூற்றாண்டு. ஔவைக்கு நெல்லிக்கனி குடுத்த அதியமான் நெடுமான் அஞ்சி வழின்னு சொல்லிக்கிட்ட வம்சம். நம்ம ஆளுக செஞ்சதைத் தூக்கி காஞ்சிபுரத்துக்காரங்களுக்குத் தானம் பண்ணினதுக்கு மன்னிக்கோணும்.

ஜனவரி 5, இரவு 9.10

நாமக்கல் பத்திக் கொஞ்சம் எச்சாவே எழுதறேன். அங்கதான் எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு.

ஊருக்கு நடுவுல ஒரே பாறை. உச்சில கோட்டை. மேற்குப் பக்கம் நரசிம்மர் குகை, கிழக்குப் பக்கம் அரங்கநாதர் குகை. நரசிம்மரைப் பார்த்துக் கைகூப்பிக்கிட்டு அந்தப் பதினெட்டு அடி ஆஞ்சநேயர் கூரையில்லாம வெயில்ல நிக்கறார். வர்ற கூட்டத்துல முக்காவாசிப் பேரு ஆஞ்சநேயரைக் கும்பிட்டு, வடைமாலைப் பிரசாதம் வாங்கிட்டு அப்படியே திரும்பிடறாங்க. நாங்களும் பத்து வருசமா அப்படித்தான். நாமக்கல்காரனான பாடியே நரசிம்மர் குகைக்குள்ள நின்னு பார்த்ததில்லையாமா. அவன் பட்டறைல இருந்து நடந்து போற தூரம்.

உள்ள போனா கண்ணு பழக ரெண்டு நிமிசம் ஆகுது. நடுவுல நரசிம்மர் ஒக்காந்திருக்கறார். ரெண்டு பக்கச் சுவத்துலயும் ஆளுயரத்துக்குப் புடைப்புச் சிற்பம். இரணியனை மடியில போட்டுக் கிழிக்கறது ஒண்ணு. பூமியைத் தூக்கற வராகம் ஒண்ணு. காலை வானத்துக்கு நீட்டற திரிவிக்கிரமன் ஒண்ணு. போட்டோ எடுக்க விடமாட்டாங்க, அது நல்லதுதான். செல்லு பையிலயே கிடந்ததால அஞ்சு பேரும் வேற வழியில்லாம கண்ணாலயே பார்த்தோம்.

வாத்தி இரணியனோட கதையை ஆரம்பிச்சான். நாங்க ஆறாவதுலயே கேட்ட கதை. ரிக் மட்டும் சாமியைப் பார்க்காம மேல கூரையைப் பார்த்துக்கிட்டே நிக்கறான். கார்ல ஏறினதுல இருந்து அவன் செல்லு ஓயலை, பாம்பைப் பத்திச் சொன்னதைத் தவிர அங்கதான் மொதமொதல்ல பேசினான். "ஒரே பாறைடா. வெடிப்பு இல்லாத இடமாப் பார்த்துக் கை வெச்சிருக்கறான்" அப்படின்னான். போர் போடறவங்களுக்கு வெடிப்பு வேணும், வெடிப்புலதான் தண்ணி. ஆறரை இஞ்ச் பிட்டை எறக்கி, மேல வர்ற பொடியைக் கையில தேய்ச்சுப் பார்த்து, எங்கடா வெடிப்புன்னு ராத்திரியெல்லாம் தேடறவன் அவன். "நாங்க தேடறதை இவன் விட்டு ஒதுங்கியிருக்கறான். ஆயிரத்து இருநூறு வருசமா கூரை எறங்கலை பாரு."

அப்பறம் தூணைத் தட்டிட்டு இன்னொண்ணு சொன்னான். "இது நட்ட தூண் இல்லடா, விட்ட தூண்." சுத்தியும் வெட்டி எடுத்துட்டு மிச்சம் விட்டது. கட்டடத்துல தப்பாப் போச்சுன்னா அந்தக் கல்லைத் தூக்கிப் போட்டுட்டு வேற கல்லு வைக்கலாம். இங்க இரணியன் மூக்குல ஒரு உளி தப்பாப் பட்டா மலையைத்தான் மாத்தோணும்.

அந்த ஒரு பேச்சுக்கு மட்டுமே அந்த ஒரு மணி நேரம் தகும். கிழக்குக் குகைல கார்க்கோடகன் மேல படுத்திருக்கற அரங்கநாதரை ஓட்டமாத்தான் பார்த்தோம். அதுக்கு இன்னொரு நாள் போகோணும்.

ஜனவரி 6, இரவு 8.50

கேட்டிருந்தாங்க: "அஞ்சு பேரோட போனா சிற்பம் பார்க்க முடியுமா?"

முடியாதுங்க. என் முடிவு அதுதான். ஒருத்தன் டீக்கு இழுப்பான். ஒருத்தன் செருப்பு போயிரும்னு வாசல்லயே கண்ணு வெச்சிருப்பான். ஒருத்தன் பார்த்ததும் "சரி, அடுத்தது"ம்பான். ஒரு தூணுக்கு முன்னால பத்து நிமிசம் சேர்ந்தாப்பல நிக்கோணும்னா தனியாத்தான் போகோணும். ஹம்பி போனாலும் ஈரோடு போனாலும் இதே கதைதான்.

ஜனவரி 7, இரவு 10.30

மேல எழுதினதைப் பத்தி யோசனையாவே இருக்குது, அப்பறம் வர்றேன். மொதல்ல தாரமங்கலம்.

கெட்டி முதலிகளோட கோயில். பக்கத்துல அமரகுந்திதான் அவங்க தலைநகரம். மும்முடி, சீயாழி, வணங்காமுடின்னு தலைமுறை தலைமுறையாக் கட்டினதாச் சொல்லுவாங்க. இப்ப நாம பார்க்கற பெரும்பகுதி வேலை பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு. அந்தக்காலத்து ஸ்தபதிகள் வேலைக்கு ஒப்புக்கும்போது "இன்ன இன்ன கோயில் வேலை நீங்கலாக"ன்னு எழுதி வாங்குவாங்களாம். அந்த நீங்கலாகப் பட்டியல்ல தாரமங்கலத்துத் தூண் உண்டுன்னு பெரியவங்க சொல்றது. அதாவது, அந்த மாதிரி மட்டும் கேட்டுராதீங்கன்னு.

கோயில் மேற்குப் பார்த்தது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லலை. நடை சாத்தினது ஒருவிதத்துல நல்லதாப் போச்சு. நாலரை மணி வெயில் முதுகுப் பக்கம் இருந்து மண்டபத்துக்குள்ள வருது, தூணெல்லாம் ஒரு பக்கம் மஞ்சளா, மறுபக்கம் கருப்பா நிக்குது. மாசி மாசத்துல மூணு நாள் பொழுதிறங்கற நேரத்துக்கு வெயில் உள்ள லிங்கத்து மேலயே விழுகும்னு அதைப் பார்க்கறதுக்குன்னே கூட்டம் வரும். காலைல போனீங்கன்னா பாதி மண்டபம் இருட்டு.

யாளி ஒண்ணு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது, வாய்க்குள்ள ஒரு கல் உருண்டை. விரலை விட்டுத் தள்ளினா உருளுது. பல்லுக்கு நடுவுல வர்றாப்பல வரும், வெளிய வராது. எத்தனை பேரு விரல் பட்டுதோ, உருண்டை நெய் தடவினாப்பல வழவழன்னு கிடக்குது. பாடி அதை உட்டுட்டு நகரவே மாட்டேங்கறான். பகலெல்லாம் வெல்டிங், பெண்டிங், ரிவிட்டுன்னு இருக்கறவன். "இதை எப்படிடா உள்ள போட்டான்?" ன்னு மூணு தடவை கேட்டான்.

போடலை. பல்லு இடுக்கு வழியா உளியை விட்டு, உள்ள இருக்கற கல்லையே சுத்தியும் அரிச்சு அரிச்சு உருண்டையாக்கி, கடைசில ஒட்டிக்கிட்டிருக்கற காம்பை வெட்டி விட்டது. நான் சொன்னதும் பாடி கொஞ்ச நேரம் பேசலை. அப்பறம், "காம்பு வெட்டற வரைக்கும் அடிப்பக்கம் அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. வெட்டின பொறவு உருட்டி உருட்டி மொழுக்கியிருக்கறான். காம்பு வெட்டறப்ப பல்லு ஒடைஞ்சிருந்தா?" அப்படின்னான். பட்டறைல அவனே பையனுகளைத் திட்டறது இதுக்குத்தான், கடைசி வெல்டுல அவசரப்பட்டு மொத்தத்தையும் கோணலாக்கறதுக்கு.

கோழியோட கதை வேற. கூரைல தாமரை, அதைச் சுத்திக் கிளி தலைகீழாத் தொத்திக்கிட்டிருக்கறது உண்டு. அதையே அண்ணாந்து பார்த்துட்டு என்கிட்ட கேட்டான், "கிளிக்கு விரல் எப்படி வெச்சிருக்கறான்?" கோழிக்கு முன்னால மூணு விரல், பின்னால ஒண்ணு. கிளிக்கு முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. செதுக்கினவன் கிளியைப் பார்த்துச் செதுக்கினானா, இல்ல ஊட்டுக் கோழியைப் பார்த்துச் செதுக்கினானான்னு அவனுக்குத் தெரிஞ்சாகோணுமாமா. செல்லுல இழுத்துப் பெருசு பண்ணினா மொத்தமும் கலங்கிப் போகுது. கழுத்து வலிச்சதுதான் மிச்சம். பைனாகுலர் இருந்தா எடுத்துட்டுப் போங்க, விரலை எண்ணிச் சொல்லுங்க. அவன் இன்னும் தூங்கலை.

ஜனவரி 8, காலை 7.00

"வாலிக்கு ராமன் தெரிஞ்சா, அப்பறம் எதுக்குங்க அவன் மரத்துக்குப் பின்னால மறைஞ்சு நின்னான்?" – ஒருத்தர் கேட்டிருக்கறார்.

கேள்வின்னா இது கேள்வி. மூணாந்தேதி தலைகீழா எழுதிட்டேனுங்க. ராமன் தூண்கிட்ட நின்னு பார்த்தா, வாலியும் சுக்ரீவனும் கட்டிப் பொரள்றது தெரியும். வாலி தூண்கிட்ட நின்னா ராமன் தெரியமாட்டான். கதை தெரிஞ்ச எவனும் மாத்தி எழுதமாட்டான். ராவுல பத்து மணிக்கு மேல தறிச் சத்தத்துல உக்காந்து எழுதினா இப்படித்தான்.

ஜனவரி 8, மதியம் 1.15

எட்டுப்பட்டைக் குளத்தைப் பத்தி ரெண்டு பேரு கேட்டிருக்கறாங்க. ஆமா, தாரமங்கலத்துலதான். ஒரு சுவத்துல கல்லை எறிஞ்சா எட்டுப் பக்கமும் பட்டு எறிஞ்ச இடத்துக்கே வரும்னு சொல்றது. கேரம் போர்டுல ஸ்ட்ரைக்கர் மாதிரின்னு பாடி சொன்னான். நாங்க எறியலை. நீங்களும் எறியாதீங்க. வர்றவனெல்லாம் ஒரு கல்லுன்னா குளம் தூந்துரும்.

அப்பறம் ஒரு கோவம். சாமி சிலைன்னு இல்லாம, தூண்ல நிக்கற பொம்பளைச் சிற்பத்துத் தொப்புள்லகூட விபூதியை அப்பிட்டுப் போறாங்க. குங்குமத்தை மடிச்ச காகிதத்தை யாளி வாயில சொருகறாங்க. நாளைக்கு உருண்டை உருளாமப் போனா யாளியா பொறுப்பு?

ஜனவரி 9, இரவு 9.30

பேரூருக்கு ரெண்டு வரி போதாதுன்னு கோயமுத்தூர்ல இருந்து வந்தே வந்துட்டாங்க. வாங்க.

பட்டீசுவரர் கோயில், நொய்யல் கரை. கனகசபை பதினேழாம் நூற்றாண்டு, திருமலை நாயக்கர் தம்பி அளகாத்திரி நாயக்கர் கட்டினதாச் சொல்லுவாங்க. எட்டுப் பெரிய சிற்பம்: ஊர்த்துவ தாண்டவர், ஆலங்காட்டுக் காளி, யானையை உரிச்சுத் தோலைப் போர்த்தவர், பிட்சாடனர், அக்கினி வீரபத்திரர், அகோர வீரபத்திரர், ஆடற கணபதி, ஆறுமுகன். மேல பார்த்தா கல்லுச் சங்கிலி. ஆடற சிவனுக்கும் ஆடற காளிக்கும் நடுவுல நின்னா யாரு பக்கம் பேசறதுன்னே தெரியாது. இறவாப் பனை, பிறவாப் புளி, ஆனி மாசத்து நாத்து நடவு எல்லாம் உங்களுக்கு நான் சொல்லி ஆகவேண்டியதில்லை.

பாடியைக் கூட்டிட்டு அங்க போகோணும். சங்கிலியைப் பார்த்தா ரெண்டு நாளு பட்டறைக்குப் போகமாட்டான்.

ஜனவரி 10, காலை 6.45

இந்தப் பக்கம் வர்றவங்களுக்கு ஒண்ணு, பிளானுக்கு வெளிய: அரச்சலூர் நாகமலைல குகைக்குள்ள ஒரு தமிழி (பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டு. அஞ்சுக்கு அஞ்சு கட்டமா 'த தை தா தை த'ன்னு ஆட்டத்துக்கான சொல்லு. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ, எப்படிப் படிச்சாலும் ஒண்ணேதான். சிற்பம்னு பார்க்க ஒண்ணுமில்லை, எழுத்துதான். உங்க அஞ்சு பேர்ல ஒருத்தனாவது "இதுக்கா இத்தனை தூரம்"னு கேப்பான். வாத்தி கேட்டான். பாடம் நடத்தற வாத்தி.

ஜனவரி 16, இரவு 8.00

நோம்பி முடிஞ்சுதுங்களா? எங்க ஊட்டுல ஒறம்பரை இன்னும் போகலை. மாட்டுப் பொங்கலன்னைக்கு கோழி போன் பண்ணினான். எங்கியோ கிளி சோசியக்காரன் ஒருத்தனைப் பிடிச்சுக் கிளி காலை நல்லாப் பார்த்துட்டானாம். ரெண்டு ரெண்டுதானாம். அதைச் சொல்ல நோம்பியன்னைக்கு ஒரு போனு.

ஜனவரி 17, இரவு 11.20

ஆறாந்தேதி எழுதினது இன்னும் உறுத்துது. தனியாத்தான் போகோணும்னு எழுதினேனில்ல, அது தாரமங்கலத்துல செல்லாதுங்க.

ராமன் வாலி தூணுக்குத் தனியாப் போறவன் என்ன பண்ணுவான்? ராமன்கிட்ட நின்னு வாலியைப் பார்ப்பான். அப்பறம் வாலிகிட்ட நடந்து போய் ராமனைத் தேடுவான். நடக்கற நேரத்துல கண்ணு முந்தி பார்த்ததை மறந்துரும். ரெண்டு ஆளு வேணும். இங்க ஒருத்தன், அங்க ஒருத்தன், "தெரியுதா?" "தெரியலை"ன்னு சத்தம் போட்டுக்கோணும். நாங்க அப்படித்தான் பண்ணினோம். ரிக்கை வாலிகிட்ட நிக்க வெச்சுட்டு நான் ராமன்கிட்ட போனேன். மத்த மூணு பேரும் யாளிகிட்டயும் கிளிகிட்டயும் இருந்தாங்க.

"தெரியுதாடா?"

"ஒண்ணும் தெரியலை மாப்ள."

எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. கட்டிப் பொரள்ற ரெண்டு பேரும், அவங்களுக்குப் பக்கத்துல நின்ன ரிக்கும். நான் உடனே வந்திருக்கலாம், வரலை. ஏன்னா அவன் மொகம் மாறிப் போச்சு. காலைல இருந்து எங்களோட கார்ல வந்தவன், நாமக்கல்ல அந்தப் பேச்சுப் பேசினவன், யாரும் பார்க்கலைன்னதும் அப்படியே கீழ எறங்கிட்டான். தூண்ல சாஞ்சு, செல்லை எடுத்துப் பார்த்துட்டு, மறுபடி பையில போட்டுட்டு, கல்லுல இருக்கற குரங்கோட காலை வெரலால தடவிக்கிட்டு நிக்கறான். அத்தனை வெசனத்தை அவன் மொகத்துல நான் பார்த்ததே இல்லை. முப்பது வருசத்துப் பழக்கம்.

சத்தீஸ்கர்ல அவன் வண்டி நின்னுபோய்க் கெடந்துச்சு. டீசலுக்கும் ஆளுகளுக்கும் காசு அனுப்போணும், போட்ட போருக்குப் பணம் வரலை. காலைல இருந்து வந்த போனெல்லாம் அதுதான். அவன் எங்ககிட்ட சொல்லலை, நாங்களும் கேக்கலை. "பெரிய ஆளு, போனு ஓயமாட்டேங்குது"ன்னு கிண்டல் பண்ணிக்கிட்டு வந்தோம்.

நான் அவன்கிட்ட ஒண்ணும் கேக்கலைங்க. "வாடா, தட்டுவடை திங்கலாம்"னு கூப்பிட்டேன், வந்தான். சேலத்துல ரெண்டு செட்டு தின்னான், காரம் பத்தலைன்னு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டான். அன்னைக்குப் பார்த்ததை இது வரைக்கும் அவன்கிட்ட சொல்லலை. செதுக்கினவன் வெச்ச இடத்துல நின்னு ஒளிஞ்சு பார்த்தவன் நான். கேட்டா என்னன்னு கேப்பேன்?

ஜனவரி 18, காலை 9.05

பின்குறிப்பு. ரிக் இதைப் படிக்கறதில்லை, அவனுக்கு வாட்ஸ்அப் தாண்டி ஒண்ணும் தெரியாது. அதனாலதான் எழுதினேன்.

ஜனவரி 19, இரவு 10.10

படிச்சுட்டான். வாத்தி அனுப்பி வெச்சிருக்கறான். வாத்தியார்னாலே போட்டுக் குடுக்கறதுதான் வேலை.

சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் வந்துச்சு. எடுக்கறதா வேண்டாமான்னு நாலு ரிங் போக விட்டு எடுத்தேன். மொத வார்த்தையே, "ஏன்டா, நீ நின்னது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

எனக்கு ஒண்ணும் புரியலை. நீதானடா தெரியலைன்னு சொன்னேன்னு கேட்டேன்.

"ராமன் தெரியலைன்னேன். செதுக்கினவன் ராமனைத்தான் மறைச்சு வெச்சான், உன் தொப்பையை மறைக்கலியே. தூணுக்கு இக்கட்டால சட்டைப் பித்தான் ரெண்டு தெரிஞ்சுது. பார்க்கறான், பார்க்கட்டும்னுதான் நின்னேன்."

அதுக்கு மேல ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசலை. அப்பறம் வண்டியைப் பத்திக் கேட்டேன். சொன்னான். நாப்பது நிமிசம் சொன்னான். பாதிப் பணம் வந்துருச்சாமா, மீதிக்கு மாசி வரைக்கும் தவணை. அதை இங்க எழுதறதுக்கில்லை.

ஆகவே மூணாந்தேதி எழுதினதைத் திருத்தி எட்டாந்தேதி எழுதினதையும் இப்பத் திருத்தறேன்: வாலி தூண்கிட்ட நின்னா ராமன் தெரியமாட்டான். ராமன்கிட்ட நிக்கற ஆளு, அவன் ஒடம்பைப் பொறுத்து, தெரிஞ்சாலும் தெரிவான்.

ஜனவரி 20, காலை 6.20

கேள்வி கேட்ட ஈரோட்டு நண்பருக்கு, இத்தனைக்கும் நடுவுல உங்களுக்குப் பதில் சொன்னேனான்னே தெரியலை. காலைல நாமக்கல், ரெண்டு குகையும், அவசரமில்லாம. மதியச் சோறு ஊட்டுல இருந்து கட்டிட்டுப் போங்க. நாலு மணிக்கு தாரமங்கலம். நடை தொறக்கற நேரத்தை மொத நாளே போன்ல கேட்டுக்கங்க. திருச்செங்கோடு தனி நாளு, படி ஏறிப் போங்க, பாம்பைப் பாருங்க. மில்லு, லாரி, முட்டைன்னு சொன்ன சேக்காளியைக் கண்டிப்பாக் கூட்டிட்டுப் போங்க.

நாங்க மாசில மறுபடியும் போறோம். கோழி பைனாகுலருக்குச் சொல்லி வெச்சிருக்கறான். வாலிகிட்ட இந்தத் தடவை நான் நிக்கோணும்னு ரிக் சொல்லிட்டான்.